பத்து ஆறைவிடச் சிறியது

பியெல் மருத்துவமனை, மூன்றாம் தளம்,
இரவு ஒன்று பத்து.
தாதி ஃப்ருவாதெவோ இரத்தக் குழாய்களில்
கையால் எண் எழுதிக்கொண்டிருக்கிறார்.
அவருடைய ஒன்றுக்கு நீண்ட மூக்கு.
எனக்கு அது ஏழு.
ஆய்வுகூடத்துக்கும் ஏழுதான் போலிருக்கிறது,
இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லேபல் பிரிண்டர் எங்கே போயிற்று என்று
முதலில் பிரெஞ்சில் கேட்டார்,
என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெர்மனில் கேட்டார்.
எங்கும் போகவில்லை.
மேசையில்தான் இருக்கிறது, பச்சை விளக்கோடு.
கணினிக்குத்தான் அதைத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாற்பத்துமூன்று கணினிகளைப் புதுப்பித்தோம்.
நாற்பத்துமூன்றும் இன்று ஒரே கதை சொல்கின்றன:
கொள்கை, லேபல் பிரிண்டர்.
நிலை, மறுக்கப்பட்டது.
காரணம், வடிகட்டி.

இப்படி ஒரு கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.
அதில் மேல்முறையீட்டுக்கு முகவரியாவது இருந்தது,
முப்பது நாளும் இருந்தது.

வடிகட்டியைத் திறந்தேன். ஒரே வரி.
பதிப்பு ஆறு புள்ளி ஒன்றோ, அதற்கு மேலோ என்றால்
உள்ளே விடு.
நம்முடையவை பத்து.
பத்து ஆறுக்கு மேல் இல்லையா?
யாரும் பார்க்காத நேரம்,
விரல் மடக்கியும் பார்த்தேன்.

பிறகு செய்யக்கூடாததெல்லாம் செய்தேன்.
கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
அனுமதிப் பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
குற்றமே செய்யாத ஒரு சர்வரை
அணைத்து எழுப்பினேன்.
கோப்பி இயந்திரம் மட்டும் சொன்னதைக் கேட்டது.

இரண்டரைக்குத்தான் கண்ணில் பட்டது
ஆறு புள்ளி ஒன்றைச் சுற்றி நிற்கும் மேற்கோள் குறி.
நான்கு கீறல், கொசுக்கால் அளவு.
அதற்குள் போனால் எண் எண்ணில்லை,
எழுத்து.
எழுத்துக்கு எடை ஏது, இடம்தானே உண்டு.
இங்கே முதலில் நிற்பது ஒன்று, அங்கே ஆறு.
ஒன்று முன்னால், ஆறு பின்னால்,
பின்னால் வருவது பெரியது,
வழக்கு முடிந்தது.
ஒன்றுக்குப் பக்கத்தில் நின்ற பூச்சியத்தை
அது திரும்பியும் பார்க்கவில்லை.

அகராதி பிடித்த வரி.
திட்டவில்லை, உண்மையாகவே
அகராதி வரிசை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஓரத்தில் ஒரு குறிப்பு: 2011, ஹ.வு.
ஹான்ஸ்யூர்க் வுத்ரிஷ்,
ஓய்வு பெற்று இப்போது ஏரியில் பாய்மரம் விடுகிறார்.
ஆறுக்குப் பின் ஏழு வரும், எட்டு வரும்,
அதற்குள் நான் போய்விடுவேன் என்று
கணக்குப் போட்டிருப்பார். தப்பில்லை.
எண்தான் ஆறிலிருந்து தாவிப் பத்தில் இறங்கியது.

பெரியதா சிறியதா என்ற கேள்வியை அழித்தேன்.
பத்து என்று தொடங்கினால் உள்ளே விடு.
கணக்கியலில் பதினொன்றும் இருக்கின்றன,
ஆனால் பதிப்பு கேட்டால் அவையும்
பத்து என்றே பழைய பெயரைச் சொல்கின்றன.
இன்றைக்கு அது வசதி.

மூன்று ஐந்து.
பிரிண்டர் தொண்டையைச் செருமிற்று.
தாதி ஃப்ருவாதெவோ கைதட்டவில்லை,
பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

நாலே காலுக்கு அழைப்பு, நிலவறையிலிருந்து.
உறைநிலை அறையின் கிழட்டுக் கணினி,
ஆறு புள்ளி ஒன்று,
இத்தனை நாளும் ஒழுங்காய் லேபல் அடித்த ஒரே ஒன்று.
நான் திருத்தியதும் அது வெளியே.

மறுபடி வரியைத் திறந்து
'அல்லது' என்று சேர்த்தேன்,
அதற்குப் பின் அந்தக் கிழத்தின் எண்ணையும்,
கீறல் நான்கையும் பார்த்துப் பார்த்து.
ஓரத்தில் என் முதலெழுத்து, இன்றைய தேதி.
எனக்குப் பின் வருகிறவர்
என்ன சொல்லித் திட்டுவாரோ.

விடியப் போகும்போது மூன்றாம் தளத்தில்
திரையின் மூலையில் ஒட்டியிருந்தது
சோதனைக்கு அடித்த முதல் லேபல்.
அச்சில் விழுந்த ஒன்று, நேரான குச்சி.
அதற்கு யாரோ நீலப் பேனாவால்
மூக்கு வரைந்திருந்தார்கள்.